கிழக்கு கேலரி எழுந்திருக்கவில்லை

அண்ணிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம் அது. குரல் நாணில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மெதுவாகப் பேசலாம், கத்தக் கூடாது. “கத்தினீங்கன்னா குரல் மொத்தமா போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல” என்று அவர் சொன்னபோது அண்ணி சமர்த்தாகத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற என் அண்ணனுக்குத்தான் முகம் வெளுத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி மேட்ச் இருப்பது அவனுக்குத் தெரியும்.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. ஆனால் மைதானத்தின் கிழக்கு கேலரியில் போய் உட்கார்ந்துவிட்டால் வேறு பிறவி. அங்கே அவளுக்கு ஹாரன் அக்கா என்றுதான் பெயர். அவள் முதல் சத்தம் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள்.

இந்தப் பைத்தியம் பேருந்தில்தான் அவளுக்குப் பிடித்தது. காலையில் அவள் எடுக்கிற முதல் வண்டியில் ஊர்ப் பெண்கள் அணிக்காரிகள் மட்டையும் பையுமாகப் பயிற்சிக்கு ஏறுவார்கள். இப்போது கேப்டனாக இருக்கிற பெண் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே முன் இருக்கையில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். பாலத்து வளைவில் அவள் தலை ஜன்னலில் இடித்துவிடக் கூடாதென்று அண்ணி வண்டியை ஊர வைப்பாளாம். “தூங்கி வழியறவ கிரவுண்டுல என்னதான் பண்றான்னு பாக்கலாம்னு ஒருநாள் போனேன்” என்பாள். போனவள் திரும்பவே இல்லை என்பான் அண்ணன்.

அந்த வருஷம் அணிக்கு நேரம் சரியில்லை. விளையாடிய இடமெல்லாம் தோல்வி. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். சமன் செய்தால்கூட இறங்க வேண்டியதுதான். அணியும் மைதானமும் ஒரு பெயிண்ட் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். அணி கீழே இறங்கினால் இடத்தைக் கடைகள் கட்டுவதற்குக் கொடுத்துவிடப் போகிறார் என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் பேச்சு இருந்தது. “கீழ போற டீமுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கிரவுண்டு” என்று அவரே எங்கேயோ சொன்னாராம்.

அண்ணன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். உடைந்துவிடும் என்கிற நினைப்பிலேயே வாழ்கிறவன். ஆட்டத்துக்கு முதல் நாள் அவன் தங்கையான என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“நீயும் எங்களோட வா. அவ பக்கத்துலயே உக்காரு. வாயைத் தொறந்தா கையை வெச்சு மூடிடு.”

“அண்ணி வாயை நான் மூடறதா? நீயே மூடேன்.”

“என்னால முடிஞ்சிருந்தா கல்யாணமான புதுசுலயே மூடியிருக்க மாட்டேனா?”

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிற எனக்கு ஹாக்கியில் அந்தப் பந்து கண்ணிலேயே படாது. இருந்தாலும் அண்ணிக்காகப் போனேன். வெந்நீர் பிளாஸ்க், கழுத்துக்குத் துணி, எல்லாவற்றையும் என் தோளில் மாட்டிவிட்டு அவள் கைவீசி நடந்தாள்.

கிழக்கு கேலரி என்பது இரும்புச் சட்டத்தின் மேல் வரிசையாக மரப்பலகை அடித்த இடம். கூரை கிடையாது. எதிரே மேற்குப் பக்கத்தில் கூரை, மெத்தை நாற்காலி, முதலாளிக்கு ஒரு சோபா. எங்கள் வரிசையில் வழக்கமாக உட்காருகிற பல் டாக்டர் அண்ணியைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். “ஹாரன் அக்கா வந்தாச்சு.”

அண்ணி தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டவர்கள் முகம் சுருங்கிப் போயிற்று.

“அப்ப இன்னிக்கு யாரு ஆரம்பிக்கறது?” என்றார் பல் டாக்டர்.

யாரும் முன்வராததால் அவரே ஆரம்பித்தார். கத்தப் போனவர் குரல் நடுவில் கீச்சென்று உடைந்தது. சிரித்தார்கள். அண்ணியும் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது, சிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

முதல் பாதியிலேயே எங்கள் பக்கம் இரண்டு கோல் விழுந்தது. எங்கள் கோல்கீப்பருக்குக் கதவு என்று பட்டப்பெயர். நல்ல நாளில் அது பாராட்டு. இரண்டாவது கோல் அவள் கால் கவசங்களுக்கு நடுவே புகுந்து போனபோது பின்வரிசை ஆள் ஒருவர், “கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறியா?” என்று கத்தினார். அண்ணி திரும்பி அவரைப் பார்த்தாள். பேருந்தில் படியில் தொங்குகிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அதோடு அவர் வாய் திறக்கவில்லை.

ஹாக்கியில் ஆட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது பாகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோலும் விழுந்தது. மூன்றுக்குப் பூஜ்யம். பலகைகள் காலியாக ஆரம்பித்தன. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்ணனும் எழுந்தான்.

“போதும்மா. வண்டி வெயில்ல நிக்குது. உள்ள கண்ணாடி இருக்கு.”

“கண்ணாடி வெயில்ல உருகாதுங்க” என்றாள் அண்ணி. கரகரத்த, காற்று கலந்த குரல்.

“இதுக்கு மேல பாக்க என்ன இருக்கு?”

“இருக்கறத பாப்போம்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் பந்தைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “வெளிய இருக்கேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எங்கள் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அது பாட்டுக்குப் பேசியது. வெளியே போகிறவர்களுக்கு மறுபடி அனுமதி கிடையாது என்று முதலில் சொன்னது. பிறகு, “இத்தனை ஆண்டுகள் இந்த மைதானத்தில் நம் அணிக்கு ஆதரவு தந்த ரசிகர்கள் அனைவருக்கும் நிர்வாகத்தின் சார்பில் நன்றி” என்றது.

மீதமிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“என்னது, நம்மள வழியனுப்பறாங்களா?” என்றார் பல் டாக்டர்.

கேப்டன் ஓட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அடிவாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

அண்ணி எழுந்தாள். கத்தத்தான் போகிறாள் என்று பதறி நான் கையை அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். வலது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி மிதித்தாள்.

பேருந்து ஓட்டுகிறவளின் கால் அது. தடால் என்ற சத்தம் இரும்புச் சட்டம் முழுக்க ஓடியது. மறுபடி மிதித்தாள். அவசரமில்லாமல், ஒரே அளவில், யாரையோ கதவைத் தட்டிக் கூப்பிடுவது மாதிரி. பல் டாக்டர் எழுந்து சேர்ந்துகொண்டார். அவர் பக்கத்தில் ஒரு அம்மா. அப்புறம் கீழ் வரிசை. கதவைத் திட்டிய அந்தப் பின்வரிசை ஆளும் சேர்ந்தார். பலகைகளின் இடுக்கிலிருந்து துரு கொட்டியது. அடியில் தங்கியிருந்த புறாக்கள் கூட்டமாகக் கிளம்பி மேற்குப் பக்கம் பறந்தன.

கேப்டன் எங்கள் பக்கம் திரும்பினாள். மட்டையை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு ஓடினாள்.

ஒலிபெருக்கி மறுபடி வந்தது. “கிழக்கு கேலரி ரசிகர்கள் கவனத்துக்கு. பலகைகள் பழையவை. தயவுசெய்து காலால் தட்ட வேண்டாம்.” நாங்கள் தட்டினோம். ஒரு காவலாளி மூச்சிரைக்க ஏறி வந்து அண்ணியிடம், “முதலாளி நிறுத்தச் சொல்றாருங்க” என்றார்.

“பலகை சரியில்லன்னா மாத்தச் சொல்லுங்க” என்றாள் அண்ணி, காலை நிறுத்தாமல். “நாங்க தட்டித்தானே அது தெரியுது.”

அவருக்கு அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து, “என்னம்மா?” என்றார். நான் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு யாரும் வரவில்லை.

மூன்றாவது பாகம் முடிவதற்குள் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே நிறுத்தி, உள்ளே கொண்டுவந்து அடிக்கிற வாய்ப்பு அது என்று பல் டாக்டர் என் காதில் கத்திச் சொன்னார். கேப்டன் அடித்தாள். கோலின் பின்பலகையில் பந்து மோதிய சத்தத்தை எங்கள் கால் சத்தத்தையும் மீறிக் கேட்டோம். ஒன்று.

கடைசிப் பாகத்தில் இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று இன்றுவரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஏழெட்டு மட்டைகள், ஒரே குவியல், யாரோ விழுந்தார்கள், நடுவர் கையைக் காட்டினார். விழுந்தவள் எழுந்திருக்காமல் படுத்தபடியே சிரித்தாள். அப்புறம் எதிரணிக்காரி ஒருத்தி கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தைக் காலால் நிறுத்தினாள். அது பெரிய குற்றமாம். கோல்கீப்பரை மட்டும் எதிரில் நிறுத்தி ஒருத்தி தனியாக அடிக்கலாம். கேப்டன் அடித்தாள். மூன்றுக்கு மூன்று.

நான் அண்ணி வாயைக் காவல் காக்க வந்தவள். அதை எப்போது மறந்தேன் என்று தெரியாது. யாரோ ஒரு பெண் காதருகே ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறாளே, யார் என்று எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அது நான்தான்.

சமன் போதாது. முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. எங்கள் பெண்கள் எல்லாரும் முன்னால் ஏறி நின்ற சமயம், எதிரணிக்காரி ஒருத்தி பந்தைப் பிடுங்கிக்கொண்டு தனியாக எங்கள் கோலை நோக்கி வந்தாள். குறுக்கே யாருமில்லை. கதவு மட்டும் நின்றாள். கேலரியில் ஒவ்வொரு காலாக நின்றுபோயிற்று. அண்ணியின் கால் மட்டும் நிற்கவில்லை.

கதவு கோல் கோட்டில் காத்திருக்கவில்லை. அத்தனை கனமான கவசத்தோடு முன்னால் ஓடி வந்து, அந்தப் பெண் அடிக்கிற நேரத்தில் அப்படியே பக்கவாட்டில் விழுந்து தன் உடம்பையே குறுக்கே போட்டாள். பந்து அவள் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. அவள் விழுந்த இடத்திலிருந்தே மட்டையை நீட்டி அதைத் தள்ளிவிட்டாள். எங்கள் பெண் ஒருத்தி எடுத்தாள், இன்னொருத்தியிடம் போனது, அங்கிருந்து வலது ஓரம், அங்கிருந்து உள்ளே. நான் முதல் முறையாகப் பந்தைக் கண்ணால் தொடர்ந்தேன். கேப்டன் முழங்காலில் சரிந்துகொண்டே போய் அதைத் தொட்டாள். தொட்டதுதான். நான்குக்கு மூன்று.

முடிவுச் சங்கு ஊதியபோது பல் டாக்டர் பின்வரிசை ஆளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வயதான மனிதர் செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேற்குப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். என் குரல் சுத்தமாகப் போயிருந்தது. “அண்ணி” என்று கூப்பிட்டால் வெறும் காற்று வந்தது.

முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். கூடவே டிவிக்காரர் கேமராவோடு வந்தார். முதலாளி பெண்களுக்குக் கைகொடுத்தார், கையசைத்தார், எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். “இது உங்கள் வெற்றி” என்றார். பிறகு அண்ணியைக் கண்டுகொண்டு, “இவங்கதான் நம்ம ஹாரன் அக்கா. வாங்கம்மா, டிவிக்காக ஒரு தடவை ஹாரன் அடிங்க” என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

நான் வேண்டாம் என்று கையாட்டினேன். அண்ணி மைக்கை வாங்கினாள். வாயருகே வைத்து, டாக்டர் சொன்ன அளவு தாண்டாமல், மெதுவாகத்தான் பேசினாள். அந்தக் கரகரப்பு நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் வந்தது.

“அடுத்த வருஷம் நாங்க எங்க உக்காரணும்?”

முதலாளி சிரித்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? சந்தோஷமான நேரம்.”

“சந்தோஷமாத்தான் கேக்கறேன். ஆட்டம் முடியறதுக்குள்ள எங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பப் பாத்தீங்க. பொண்ணுங்க ஓடிட்டிருந்தாங்க அப்ப. அதனால கேக்கறேன். எங்க உக்காரணும்?”

“நிர்வாகம் கலந்து பேசித்தான்…” என்று அவர் மைக்குக்குக் கை நீட்டினார்.

அண்ணி கொடுக்கவில்லை. பலகையில் உட்கார்ந்து மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். “பேசிட்டு வாங்க. இருக்கோம்.”

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசை ஆள் உட்கார்ந்தார். கேலரி முழுக்க உட்கார்ந்தது. முதலாளி மேற்குப் பக்கம் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். வாயிலைத் திறந்துவைத்து எல்லாரும் கிளம்பலாம் என்று காவலாளிகள் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. பிறகு செயற்கைப் புல்லை நனைக்கிற தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். அது எங்கள்மேல் எட்டவில்லை. நடுவில் நின்ற எங்கள் பெண்கள்தான் தொப்பலாக நனைந்தார்கள். அவர்கள் ஓடவில்லை. கேப்டன் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்துவந்து, முதல் வரிசையில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். கதவுக்குக் கால் கவசத்தோடு படியேற முடியவில்லை. கம்பியோரம் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணி என் தோளிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து அவளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அண்ணன். தன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

“என்னாச்சு? ஜெயிச்சாச்சு இல்ல? ஏன் யாரும் வெளிய வரல?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அண்ணி சொல்லவில்லை. பல் டாக்டர் கூவி விவரம் சொன்னார். அண்ணன் தலை மறைந்தது. வாயிலில் அவன் கெஞ்சுவது கேட்டது. வெளியே போனவர்கள் இன்னும் பலர் அவன் பின்னால் நின்றார்கள். முன்பு எங்களிடம் வந்த அதே காவலாளிதான் அங்கே இருந்தார்.

“ஆட்டம் பாக்கறதுக்குத்தான் மறுபடி அனுமதி இல்லன்னாங்க” என்றார் அவர். “உக்கார்றதுக்கு ஒண்ணும் சொல்லல. போங்க.”

காலியாகக் கிடந்த பலகைகள் நிரம்பின. மேற்குப் பக்கத்து மெத்தை நாற்காலிக்காரர்கள் சிலர்கூட ஈரப் புல்லில் கால் வழுக்க நடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து இடம் தேடினான். அண்ணி நகர்ந்து கொடுத்தாள். ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

டிவிக்காரர் போகாமல் கேமராவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். அதனால்தானோ என்னவோ முதலாளி மறுபடி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அண்ணி மைக்கை நீட்டினாள். அவர் கையசைத்ததும் ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது.

“அடுத்த வருஷம் நம்ம ஆட்டம் எல்லாம் இங்கதான் நடக்கும்.”

கேலரி சத்தம் போடவில்லை. அண்ணியைப் பார்த்தது.

“அதுக்கப்புறம்?” என்றாள் அண்ணி. மைக் அவள் கையில் இல்லை. எல்லாருக்கும் கேட்டது.

“அத அப்புறம் பேசிக்கலாம்மா.”

“சரி. அப்புறம் பேசறதுக்கும் வருவோம்.”

அவள் எழுந்தாள். அப்புறம்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். கேப்டன் நெருங்கி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் ஈரத் தலையைத் தன் கழுத்துத் துணியால் துவட்டிவிட்டு, “காலையில வண்டிக்கு லேட் பண்ணாத” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அண்ணன் ஓட்டிக்கொண்டே, “நாலாவது கோல் எப்படி விழுந்துச்சு?” என்றான். நான் கையைக் காட்டி விளக்கப் பார்த்தேன், அவனுக்குப் புரியவில்லை. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி வெந்நீர் குடித்தாள். “சொல்லேன்மா” என்று அவன் வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தான். கடைசியில் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

ஆட்டம் இல்லாத மாதங்கள் வந்தன. ஒரு வேலை நாளில், பேருந்தை மைதானத்து வழியாக ஓட்டிக்கொண்டு போன அண்ணி, நில அளவைக்காரர்கள் இருவர் முக்காலியை நட்டு டேப்பை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் பல் டாக்டரின் மருத்துவமனை. வண்டியை நிறுத்தி, இறங்கிய ஒரு பெண்ணிடம் அவருக்குச் சொல்லியனுப்பினாள். அவர், வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியை அவசரமாக முடித்தனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் கடையில் அரைநாள் விடுப்புச் சொன்னேன்.

மதியத்துக்குள் கிழக்கு கேலரியில் முக்கால்வாசிப் பலகை நிரம்பிவிட்டது. அண்ணன் முன்னாலேயே வந்து அண்ணிக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அவள் வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். யாரும் கத்தவில்லை, தட்டவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அளவைக்காரர்கள் டேப்பைப் பிடித்தபடி எங்களை அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் கம்பியோரம் வந்தார்.

“இன்னிக்கு மேட்ச் எதுவும் இல்லையே. எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

அண்ணி காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் மேட்ச் இருக்கு” என்றாள். “அதுக்கு வந்திருக்கோம்.”